செவலைக் குட்டியின் கறுப்புக் கால்கள்

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை தடை தாண்டும் குதிரை வளர்ப்பவர் எவரும், எந்தப் பெட்டையை எந்தப் பொலிகுதிரையோடு சேர்ப்பது என்று என்னைக் கேட்காமல் முடிவு செய்ததில்லை. நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவன். வம்சாவளித் தாளில் என் கையெழுத்து இருந்தால், வாங்க வருபவர்கள் மேற்கொண்டு விசாரிப்பதில்லை.

மாடம்பாக்கத்தில் பூர்வீக நிலத்தில் லாயம் கட்டியிருந்த ஒருவரும் அப்படித்தான் வந்தார். அவருடைய செவலைப் பெட்டை உயரம் தாண்டும், தரையிறங்கும்போது பதறும். நிதானத்திற்குப் பெயர் பெற்ற வெளியூர்ப் பொலிகுதிரை ஒன்றைத் தேர்ந்து கொடுத்தேன். அதுவும் செவலை. பெட்டை லாரியில் போய்த் திரும்பியது.

நான் கணித்த நாளுக்கு மூன்று வாரம் கழித்தே குட்டி பிறந்தது. அது எனக்கு உறுத்தியது.

"தலைச்சன் சார், லேட்டாத்தான் ஆகும்," என்றார் உரிமையாளர். "சுழி பாருங்க, எவ்ளோ சுத்தமா இருக்கு!"

சுழி பார்ப்பவன் அல்ல நான். குட்டியின் உடல் செவலையாகத் தெரிந்தது, கால்கள் வெளிறியிருந்தன. வம்சாவளித் தாளில் கையெழுத்திட்டேன்.

நான்காம் மாதம் பிறவி மயிர் உதிர்ந்தபின் மறுபடி பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே கறுப்பு, பிடரியும் கறுப்பு. செவலைக்கும் செவலைக்கும் அப்படிப் பிறக்க வழியில்லை. பிறந்த புதிதில் வெளிறிய மயிர் கறுப்பை மறைக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் காத்திருக்கவில்லை.

முதலில் லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் வேலையாளைச் சந்தேகித்தேன். "பாய், தடுப்பைத் திறந்து வெச்சீங்களா?"

"இன்னா சார், என்னைப் போயி கேக்கறீங்க? எதிர்க்க நின்னுகினு கீதே கறுப்புக் கால் குதிரை, அதைக் கேளுங்க. லாரி செலவு வேஸ்ட்டா போச்சுன்னு ஓனர்தான் இதோட சேக்கச் சொன்னாரு."

குட்டி தாமதமான அந்த மூன்று வாரம், கருத்தரிக்காத பெட்டை மீண்டும் பருவத்துக்கு வரும் இடைவெளி. இருந்தாலும் ஒருவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. குட்டியின் பிடரி மயிரை வேரோடு எடுத்து, தகப்பன் எது என்று அறிய மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம் என்று உரிமையாளரிடம் சொன்னேன்.

"நீங்களே பார்த்து சைன் பண்ணீங்களே சார். உங்க கண்ணைவிட லேப் பெரிசா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமை பார்ட்டி வர்றார். எதையும் கிளப்பாதீங்க."

என்னைப் புகழ்ந்தே என் வாயை அடைக்கப் பார்க்கிறார் என்று புரிந்தது. தாளில் உள்ளதுதான் உண்மையான தகப்பன் என்றால் பத்து மயிருக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

ஞாயிறன்று அழைப்பில்லாமலே போனேன். வாங்க வந்தவர் கையில் அந்தத் தாள் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, அவர் எதிரிலேயே என் கையெழுத்தின்மேல் கோடு போட்டுத் தேதியிட்டேன்.

"அப்போ குட்டி சரியில்லையா சார்?" என்றார் அவர்.

"நன்றாகத் தாண்டும். இந்தத் தாள்தான் சரியில்லை," என்றேன். அவர் வாங்காமல் திரும்பினார்.

அதன்பின் ராஜகீழ்ப்பாக்கம் கடைவீதிவரை பேச்சு பரவியது. எனக்குக் கண் மங்கிவிட்டதாம், நல்ல குட்டியைக் கழிசடை என்றேனாம். குட்டியை நான் குறை கூறவில்லை. என் கண்ணிலும் பழுதில்லை. அவசரப்பட்டுக் கையெழுத்திட்டது என் பிழை. குட்டியின் தகப்பன் நான் தேர்ந்த குதிரை அல்ல.