தூக்கிக்கொண்டு ஓட முடியாத விளக்கு

கண்ணாடியில் கண்ணாடி உரசுகிற ஒரு மெல்லிய "கிணுங்" சத்தம். பரந்தன் முல்லைத்தீவு வீதியால் லொறி ஏதும் போனால், அதன் இரைச்சல் அடங்கிக் கொஞ்ச நேரம் கழிந்தும், முரசுமோட்டையில் எங்கள் வீட்டு "ஹோலின்" நடுவில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். அது எங்கள் தொங்குவிளக்கின் சத்தம். ஐந்து கைகள், ஒவ்வொரு கையிலும் விரிந்த பூவைப்போல ஒரு கண்ணாடிக் கிண்ணம், கீழே சுற்றிவர நாற்பத்தெட்டுக் கண்ணாடித் தொங்கல்கள். ஊரில் மின்சாரக் கம்பி ஒன்றுகூட இல்லாத காலத்தில் அது எங்கள் வீட்டில் தொங்கியது. சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பிறகு சிரிக்க ஒன்றும் இருக்காது. அந்த விளக்கை எடுக்கப் போய்த்தான் என் அப்பா காணாமற்போனார்.

வீட்டுச் சாமான் தெரிவு செய்வது பற்றி இப்போது வழவழத்த கடதாசியில் புத்தகங்கள் வருகின்றன. சுவருக்கு ஏற்ற திரைச்சீலை, திரைச்சீலைக்கு ஏற்ற மெத்தை, எல்லாவற்றுக்கும் மேலே வந்தவர் கண்ணை இழுக்கிற மாதிரி ஒரு விளக்கு என்று. எங்கள் ஆட்களுக்கு அந்த நாட்களில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: ஓட வேண்டி வந்தால் இதைத் தூக்கலாமா? அதனால்தான் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கக்கூடிய பிளாஸ்டிக் கதிரை, மடக்குக் கட்டில், "ட்ரங்குப் பெட்டி", சுருட்டினால் கமக்கட்டுக்குள் அடங்குகிற பாய். ஓர் அலுமாரி வாங்குவதென்றால்கூட, உழவு இயந்திரத்துப் பெட்டிக்குள் அதைப் படுக்கவைக்கலாமா என்று சாணால் அளந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து ஆறு தரம் இடம்பெயர்ந்தவர் என் அம்மா. அளந்து வாங்குவதில் அவரை வெல்ல ஆளில்லை.

சண்டை நின்று, பாதை திறந்து, இரண்டு போகம் ஒழுங்காக விளைந்ததும் அப்பா கல்வீடு கட்டத் தொடங்கினார். அப்போதுதான் அம்மா வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்த வழக்கத்தைத் தலைகீழாகப் புரட்டினார். "இந்த முறை தூக்கேலாத சாமானாப் பாத்து வாங்கவேணும். தூக்கேலாதெண்டு தெரிஞ்சால்தான் மனம் ஓட நினையாது" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு. "சண்டை பிடிக்கிறவைக்கு உம்மட செற்றியின்ரை பாரம் தெரியுமோ?" என்று கேட்டார். கேட்டாரே ஒழிய, அம்மா சொன்னபடியே முதிரை மரத்தில் ஒரு "செற்றி", நீளமான சாய்விருக்கை, செய்வித்தார். அதை வண்டியிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுபோக ஆறு ஆண்கள் தேவைப்பட்டார்கள். அம்மா வாசலில் நின்று அவர்கள் மூச்சு வாங்குவதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார்.

விளக்கு வாங்க வவுனியாவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு எட்டு வயது. கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லோரும் "நானா" என்று கூப்பிட்டார்கள். கூரை முழுக்க விளக்குகள் தொங்கின. அம்மா கழுத்து நோக நோக ஒரு மணித்தியாலம் பார்த்தார். சின்னதாக, உருண்டையாக, எந்த மூலையிலும் அடங்கிவிடக்கூடிய ஒன்றை நானா எடுத்துக் காட்டினார். அம்மா தலையை ஆட்டிவிட்டு இந்த ஐந்து கைக்காரனைக் காட்டினார்.

"எந்த ஊர் தங்கச்சி? அங்க கறண்ட் வந்திட்டுதா?"

"வரும். வரத்தானே வேணும்."

நானா ஏணியை இழுத்து வைத்தார். ஏறி விளக்கைக் கழற்றிக்கொண்டே, "முல்லைத்தீவில எங்கட வீட்டிலயும் இப்பிடி ஒண்டு தொங்கினது. அப்பிடியே விட்டுட்டுத்தான் வந்தம்" என்றார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்தப் பெரியவர் பேரம் பேசாமல் வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டித் தந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. சோதனைச்சாவடிகளில் பெட்டி திறக்கப்பட்டது, மூடப்பட்டது, மறுபடியும் திறக்கப்பட்டது. ஒரு தொங்கல்கூட உடையாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

நடு ஹோலின் "தீராந்தியில்", அதாவது கூரையைத் தாங்குகிற உத்தரத்தில், அப்பா இரும்புக் கொளுக்கி அடித்து அதை மாட்டினார். புதுவீடு குடிபூரல் அன்று மாலை ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்குப் பிடித்து விளக்கை எரியவிட்டோம். பக்கத்து வளவு மாமி, "கறண்டில்லாத ஊருக்கு இதென்ன கூத்து" என்று சொல்லிவிட்டு, எரிந்து முடியும்வரை அதற்குக் கீழேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் அம்மாவைப் பார்த்தார். அது எரிந்தது அந்த ஒரு நாள்தான்.

மற்ற நாட்களில் அதற்கு நேர் கீழே "அரிக்கன் லாம்பு" வைத்துத்தான் நான் படித்தேன். சனிக்கிழமைகளில் அப்பா ஏணியில் நின்று தொங்கல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தர, நான் சவர்க்காரத் தண்ணியில் கழுவித் துடைப்பேன். அம்மா எங்களைத் தொடவிட்ட ஒரே வேலை அது. அப்பாவை எனக்கென்று தனியாக வைத்திருந்த நேரமும் அதுதான். நெல்லுக் கதையும் வாய்க்கால் கதையும் இல்லாமல், நாற்பத்தெட்டு முடியும்வரை என்னோடு மட்டும் கதைப்பார். நாற்பத்தெட்டையும் சுத்தம் செய்து முடித்ததும், "கறண்ட் வந்தா முதல் சுவிச்சு போடுறது நீதான், பிள்ளை" என்பார். எனக்கு விளக்கு வேண்டியிருந்ததோ, அப்பாவின் சனிக்கிழமை வேண்டியிருந்ததோ என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பிறகு வீதியால் லொறி போகாத நேரத்திலும் தொங்கல்கள் கிணுங்கத் தொடங்கின. தூரத்தில் செல் குண்டு விழுகிற அதிர்வு எங்கள் காதுக்கு வருமுன் அந்தக் கண்ணாடிக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு ஊராக எழும்பி எங்கள் வாசலைக் கடந்து கிழக்கே போனது. அந்த இடம்பெயர்வில் சனம் வீட்டையே கழற்றிக்கொண்டு போனது: ஓடு, கதவு, யன்னல் நிலை, கிணற்றுக் கப்பி. போகிற இடத்தில் ஒரு கொட்டிலாவது போடலாம் என்ற நினைப்பு. ஒவ்வொரு உழவு இயந்திரமும் "இன்னொரு நடை, இன்னொரு நடை" என்று திரும்பத் திரும்பப் போய் வந்தது. மிச்சமாய் இருக்கிற ஒரு பலகைக்காகத் திரும்பிப் போவதை அங்கே யாரும் விசர் என்று நினைக்கவில்லை. ஒவ்வொரு தரமும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து பட்டவர்கள் நாங்கள்.

நாங்களும் கூரை ஓடுகளைக் கழற்றினோம். நெல் மூட்டை முழுவதும் முதல் நடையிலேயே வந்துவிட்டது. செற்றியைத் தூக்க ஆறு ஆண்கள் ஊரில் இல்லை. விளக்கைக் கழற்ற ஏணியைச் சாத்திய அப்பாவிடம் அம்மா, "விடுங்கோ. நேரமில்லை. அது தூக்குற சாமான் இல்லை" என்றார். குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. தலைக்கு மேலே வெறும் வானம் தெரிய, தீராந்தியில் அது தொங்கிக்கொண்டிருக்க, நாங்கள் வெளிக்கிட்டோம்.

விசுவமடுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் "தறப்பாள்" கூடாரம் கட்டி இருந்தோம். மார்கழி மழை விடாமல் கொட்டியது. பன்னிரண்டு வயது எனக்கு, புத்தி இருக்க வேண்டிய வயது. "அது மழையிலை நனையுதப்பா" என்று சொல்லி அழுதேன். ஒரு நாள் அழுதிருந்தால் பரவாயில்லை. மூன்று நாள் அழுதேன்.

மூன்றாம் நாள் அப்பா, "காலமை ஒரு நடை போய் எடுத்தாறன், நீ அழாதை" என்றார்.

"விசர்க்கதை கதைக்காதேங்கோ. சின்னப்பிள்ளை அழுதால் அழட்டும்" என்றார் அம்மா.

"அங்காலை இன்னும் சனம் போய் வருகுது. மத்தியானத்துக்கு முதல் நிப்பன்."

டீசல் இல்லாததால் சைக்கிளில் போனார். தொங்கல்களைச் சுற்றிக்கொண்டு வர அம்மாவின் பழைய சீலை ஒன்றை "கரியரில்" வைத்துக் கட்டினார். அம்மா சீலையைக் கொடுக்கவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மத்தியானத்துக்கு முதலே அந்தப் பக்கம் செல் விழத் தொடங்கிவிட்டது. அடுத்த நாளிலிருந்து அங்கே போய் வர யாராலும் முடியவில்லை. கண்டவர் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்கு நடந்ததை நான் எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் நடந்தது.

இப்போது அதே வளவில் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சின்ன வீட்டில் இருக்கிறோம். வாசல் படலைக்குப் பக்கத்திலேயே மின்கம்பம் நிற்கிறது. திரும்பி வந்தபோது பழைய வீட்டில் அத்திவாரம் மட்டும் இருந்தது. தீராந்தியும் இல்லை, செற்றியும் இல்லை, புல்லுக்குள் நான் தேடிப் பார்த்ததில் ஒரு கண்ணாடித் துண்டுகூட இல்லை. பக்கத்து வளவு மாமியின் வீட்டில் இருந்தவர்களில் யாருமே திரும்பி வரவில்லை. அம்மா ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க அலுவலகத்துக்கு மேல் அலுவலகமாக, படிவத்துக்கு மேல் படிவமாக வந்துகொண்டேயிருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு கேள்வி இருக்கும்: எதற்காகச் சென்றார்? இத்தனை வருடமும் அம்மாதான் நிரப்பினார். "நெல் மூட்டை எடுக்க" என்றே எழுதினார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதுகிறார் என்று நம்பியிருந்தேன். சென்ற மாதம் அவருக்குக் கண் தெளிவில்லை என்று நான் நிரப்பினேன். அந்த இடத்தில் "வீட்டு விளக்கை எடுக்க" என்று எழுதி, அவருக்கு வாசித்தும் காட்டினேன்.

"வெட்டு அதை" என்றார் அம்மா. "நெல்லெண்டு எழுது. விளக்கெடுக்கப் போன மனிசனெண்டால் ஆர் தேடித் தருவாங்கள்?"

வெட்டிவிட்டு நெல் என்று எழுதினேன். யார் அழுததால் போனார் என்று அந்தப் படிவத்தில் எங்கேயும் கேட்டிருக்கவில்லை.