பச்சைப் புள்ளி

போடி ஏலக்காய் விவசாயிகளும் வியாபாரிகளும் பேசிக்கொள்ளும் இணைய மன்றத்தை நான்தான் நடத்துகிறேன். அதைப் புதுப்பித்தபோது, உள்ளே இருப்பவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும்படி செய்தேன். மறுநாளே பேச்சு நின்றுபோனது. வாசிப்பவர்களின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. அத்தனை பேரும் லாக் அவுட் செய்துவிட்டு ஒளிந்து நின்று படிக்கிறார்கள்! விலைப் பக்கத்தில் அடிக்கடி பச்சை எரிந்தால், விவசாயி சரக்கை விற்கத் துடிக்கிறான் என்று வியாபாரி கண்டுகொள்வானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைவீதியில் ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவரைப் பிடித்து, "எதுக்கு இப்படித் திருட்டுத்தனமா வந்து போறீக?" என்று கேட்டேன்.

அவர் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நாங்க கெடக்கட்டும். ஒங்க பேருக்குப் பக்கத்துல மட்டும் ராப்பகலா பச்சை எரியுதே, யாருக்காக எங்களை வேவு பாக்குறீக?"