ஒரே பொத்தான் போதும் என்று நினைத்தேன்

திருப்பாதிரிப்புலியூரில் நானும் என் கணவரும் கரும்பு ஜூஸ் கடை வைத்திருக்கிறோம். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். மெஷினின் சுவிட்ச் கெட்டுப்போனதும், ரிலே வைத்து நானே ஒரு சர்க்யூட் செய்து மாட்டினேன். ஒரே பொத்தான்தான். ஒரு முறை அழுத்தினால் மெஷின் ஓடும், மறுமுறை அழுத்தினால் நிற்கும். எனக்கு ஏகப் பெருமை.

நான்காம் நாள் மதியம் கடையில் நல்ல கூட்டம். கரும்பைத் தள்ளிக்கொண்டிருந்த என் கணவரின் கழுத்துத் துண்டு உருளைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. துண்டோடு சேர்ந்து அவர் முகமும் மெஷினை நோக்கி இழுபட்டது.

"கலா, நிறுத்து!"

பாய்ந்துபோய் அழுத்தினேன். நின்றது. ஆனால் பதற்றத்தில் என் விரல் நிற்கவில்லை; மறுபடியும் அழுத்திவிட்டேன். உருளைகள் திரும்பவும் சுழன்றன. படபடவென்று அழுத்திக்கொண்டே இருந்தேன். மெஷின் நிற்பதும் ஓடுவதுமாக அவரை விரல்கடை விரல்கடையாக உள்ளே இழுத்தது. ஜூஸுக்காக நின்றிருந்த ஒருவர்தான் எட்டி பிளக்கைப் பிடுங்கினார். கரும்பு சீவும் கத்தியால் துண்டை அறுத்தேன்.

சிவந்த கழுத்தைத் தடவிக்கொண்டே அவர் கேட்டார்: "பயந்துபோனா யாரு ஒரு தடவையோட நிறுத்துவாங்க, கலா?"

இப்போது இரண்டு பொத்தான்கள். பச்சை ஓட்டுவதற்கு மட்டும், சிவப்பு நிறுத்துவதற்கு மட்டும். அவர் துண்டு இப்போது கழுத்தில் இல்லை, ஆணியில் தொங்குகிறது. தினமும் கடை திறந்ததும், வெறும் மெஷினை ஓடவிட்டு, சிவப்பைப் பத்துமுறை படபடவென்று, அன்று பயந்த அதே கையால், அழுத்திப் பார்க்கிறேன்.