இறக்கம்

எனக்கு ஒரு நகரத்தின் நிலக்கீழ் ரயில் பாதைகள் அத்தனையும் மனப்பாடம். எந்த நிலையத்தில் எந்தப் பக்கக் கதவு திறக்கும், எங்கே பாதை மாற வேண்டும், எந்த மேடையில் மழை நாளில் வழுக்கும் எல்லாம் தெரியும். அந்த நகரத்துக்கு நான் போனதில்லை. அதன் பெயரையும் சொல்ல முடியாது. சொல்லமாட்டேன் என்று வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வைத்திருக்கிறேன். குளிர் அதிகம், ஆங்கிலம் பேசுவார்கள், பொறுமை குறைவு என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ரயில்களை ஓட்டும் கொம்பனி, பயணிகளின் முறைப்பாடுகளுக்குப் பதில் சொல்லும் வேலையை வெளியே குத்தகைக்குக் கொடுத்தது. அது கை மாறிக் கை மாறி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடிக்கு வந்து சேர்ந்தது. ரயில் கொஞ்சம் பிந்தினால் நாங்கள் அங்கேயிருந்து மன்னிப்புக் கேட்போம். அதற்கென்று ஒரு வசனம் தந்திருக்கிறார்கள்: "உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மனமார வருந்துகிறோம்." மனமார என்ற இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். தினமும் கொடிகாமத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து, பலாலி வீதியில் இன்னொரு பஸ்ஸுக்குக் காத்து நின்று, இந்த மன்னிப்பைக் கேட்கப் போகிறேன். என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்பா கொடிகாமம் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம். அவர் வாயிலிருந்து சம்மதமாக "ஓம்" என்ற சொல் வருவது லேசுப்பட்ட காரியமல்ல. சந்தையில் முதலில் ஓம் சொன்னவன் நட்டப்பட்டவன் என்பது அவருடைய கொள்கை. வீட்டிலும் அதையே கடைப்பிடித்தார். கம்பஸில் படிக்கப் போகட்டோ என்று கேட்டேன். "பாப்பம்." வேலைக்குப் போகட்டோ? "பாப்பம்." தலையிடிக்கு மாத்திரை தரட்டோ என்றாலும் பாப்பம்தான். கத்தவில்லையென்றால் சம்மதம் என்று நானாகவே எடுத்துக்கொண்டு வளர்ந்தேன். ஒருமுறை நேராக முகத்தைப் பார்த்து ஓம் என்று சொன்னால் இந்த மனிதருக்கு என்ன குறைந்துபோகும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் வேலையை அவர் வேலையாக எண்ணியதும் இல்லை. "காணாத கோச்சிக்கு என்ன உத்தியோகம்?" என்பார். ரயிலை அவர் கோச்சி என்றுதான் சொல்வார். ஆனால் சந்தையில் மட்டும் "பிள்ளை ரெயில்வேயிலை" என்று சொல்லி வைத்திருந்தார். அதனால் ஊரில் பாதிப்பேர் கொழும்புக்கு ரிக்கற் எடுத்துத்தரச் சொல்லி என்னிடம் வருவார்கள். விளக்கம் சொல்லிக் களைத்து, பாப்பம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

அண்ணை அதே நகரத்தில்தான் இருக்கிறார். அவருக்குக் குழந்தை பிறந்ததும் அப்பாவை வரச்சொல்லிக் கூப்பிட்டார். அப்பா பாப்பம் என்று சொல்லி, விசா கிடைத்ததும் புதுக் காற்சட்டை தைத்துக்கொண்டு போய்விட்டார்.

போய்ச் சில நாட்களில் ஒரு பிற்பகல். அங்கே அப்போது காலை. என் திரையில் பயணி ஒருத்தியின் செய்தி வந்தது. "என் பெட்டியில் ஒரு வயதான மனிதர் சுவரில் கையால் அடித்துக்கொண்டு 'இராக், இராக்' என்று கத்துகிறார். கையில் பெரிய பை இருக்கிறது. தயவுசெய்து ஏதாவது செய்யுங்கள்." கத்தல், நாட்டின் பெயர், பை. இப்படிச் சேர்ந்து வந்தால் திரையில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திக் காவலர்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அழுத்தினேன். பிறகு அவளிடம் மனமார வருந்தினேன்.

தேநீர் குடிக்க எழும்பும்போது அண்ணை என் கைபேசியில் கூப்பிட்டார். மூச்சு வாங்கினார்.

"அப்பாவைத் துலைச்சுப்போட்டன். நான் இறங்கிட்டன், அவர் ஆரோ ஒரு பொம்பிளைக்கு வழிவிட்டுக்கொண்டு நிண்டவர். கதவு பூட்டிட்டுது."

"அவர் என்ன செய்தவர்?"

"பெட்டியிலை அடிச்சு அடிச்சு, இறக்கம், இறக்கம் எண்டு கத்தினவர். கோச்சி நிக்கேல்லை."

எங்கள் பக்கத்தில் பஸ்ஸிலிருந்து இறங்க வேறு வழி கிடையாது. இறக்கம் என்று குரல் கொடுத்துத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். சாரதி ஏசிக்கொண்டாவது நிற்பாட்டுவார். அப்பாவுக்கு வாழ்நாள் முழுவதும் இது ஒருதரமும் தவறியதில்லை. இறக்கம் என்று மனதுக்குள் ஒருதரம் சொன்னேன். பிறகு அந்தப் பெண்ணின் காதால் ஒருதரம் கேட்டேன். இராக் என்றுதான் விழுந்தது. என் அப்பாவைப் பிடிக்க நானே ஆள் அனுப்பியிருக்கிறேன்.

சிவப்பு முறைப்பாட்டைத் திறந்தேன். காவலர்கள் ஏற்கெனவே அப்பாவை ஒரு நிலையத்தில் இறக்கி மேடையில் ஒரு வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். குறிப்புகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. நெற்றியில் வெள்ளைத் தூள் பூசியிருக்கிறார். பையில் சிவப்புத் தூள் இருக்கிறது. கேள்வி கேட்டால் தியானத்தில் இறங்கிவிடுகிறார். "ஓம்" என்ற மந்திரத்தைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. நிலையத்தை மூடுவதா என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறோம்.

எனக்கு முதலில் வந்தது பயமல்ல, பொறாமை. பெற்ற பிள்ளைக்கு இத்தனை வருடம் சொல்லாத ஓமை, முன்பின் தெரியாத சீருடைக்காரர்களுக்கு வாரி வழங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் கேள்விகளை வாசித்தேன். இந்தப் பை உங்களுடையதா? ஓம். வேறு யாரும் தந்து கொண்டுபோகச் சொன்னார்களா? ஓம். உள்ளே இருப்பது ஆபத்தானதா? ஓம்.

மேடைகளில் உதவி கேட்பதற்கென்று தூணில் பேசும் பெட்டிகள் உண்டு. அந்த மேடையின் பெட்டிக்கு அழைத்தேன். காவலர் ஒருவர் பேசினார்.

"அவர் தியானம் செய்யவில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "எங்கள் மொழியில் ஆம் என்கிறார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியென்றால் இன்னும் மோசம்," என்றார்.

கேட்பது எதுவும் அவருக்கு விளங்கவில்லை, மரியாதைக்குச் சொல்கிறார், வெள்ளைத் தூள் திருநீறு, சிவப்புத் தூள் அண்ணையின் மனைவி வீட்டாருக்குக் கொண்டுபோகும் மிளகாய்த்தூள், அவர் கத்தியது ஒரு நாட்டின் பெயரல்ல, பஸ்ஸை நிற்பாட்டும் சொல் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அது என் அப்பா என்றேன். சொந்தக்காரரின் முறைப்பாட்டை நாங்கள் தொடக்கூடாது என்பது இன்னொரு விதி. எங்கள் மேலாளர் என்னைவிட இளையவர். நான் இருந்த கதிரைக்குப் பின்னால் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கதையுங்கோ அக்கா," என்றார். "மற்றதைப் பிறகு பாப்பம்."

காவலர் பையை மோந்து பார்த்திருக்க வேண்டும். தும்மல் கேட்டது. பிறகு இன்னொருவரின் தும்மல். நிலையத்தை மூடவில்லை. எந்த நிலையம் என்று அண்ணைக்குச் செய்தி அனுப்பினேன்.

எங்கள் அழைப்புகள் தரம் பார்ப்பதற்காகப் பதிவாகும். அடுத்த வாரம் எனக்குப் புள்ளி வந்தது. மன்னிப்பு வசனம் சொல்லப்படவில்லை, பயணியைப் பெயர் சொல்லி விளிக்கவில்லை என்று குறைத்திருந்தார்கள். இரண்டும் உண்மை. கடைசிப் பகுதி வேற்றுமொழியில் இருப்பதால் மதிப்பிட முடியவில்லை என்று ஒரு குறிப்பும் இருந்தது. அவர்களுக்கு விளங்காத அந்தப் பகுதி இதுதான்.

"அப்பா, நான்தான் கதைக்கிறன். அந்தத் தூணுக்குக் கிட்ட வாங்கோ."

"ஆர்? பிள்ளையோ? நீ எப்ப இஞ்சை வந்தனீ?"

"வரேல்லையப்பா. திருநெல்வேலியிலை இருந்து கதைக்கிறன். இதுதான் என்ரை வேலை."

"உதுவோ?"

"இதுதான். உதிலையே இருங்கோ, ஒரு இடமும் போகாதையுங்கோ. அண்ணை அடுத்த கோச்சியிலை வாறார். உங்களுக்கு வலப்பக்கத்துக் கதவுதான் திறக்கும். ஏணிப்படி இருக்கிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கோ."

"உனக்கு இஞ்சை ஏணிப்படி இருக்கிறது தெரியுமோ?"

"எல்லாம் தெரியும்."

ரயில் ஒன்று மறுபக்கத்தால் போகும் இரைச்சல் கேட்டது. அது அடங்கிய பிறகு அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. சந்தையின் இந்த முனையில் விலை கூறினால் அந்த முனைக்குக் கேட்கிற தொண்டை அது. கேட்கருவியைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.

"சாப்பிட்டன். அப்பா, பயந்துபோனியளோ?"

ஏசுவார், அல்லது பேச்சை மாற்றுவார் என்றுதான் நினைத்தேன். காவலர்கள் பக்கத்தில் நின்றார்கள். அவர்களுக்கு விளங்காது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

"ஓம் பிள்ளை," என்றார்.