படத்துக்கு அழுதவர்கள்

சினிமாவில் உடம்பை விற்கிற பெண் என்றால் உதடு நிறையச் சாயம், வாயில் வெற்றிலை, தலை கொள்ளாத மல்லிகை. வாசலில் சாய்ந்து நின்று சிரிப்பாள். கடைசியில் கதாநாயகனுக்கு விழவேண்டிய குத்தை வாங்கிக்கொண்டு அவன் மடியில் செத்துப்போவாள். செத்த பிறகுதான் அவளை நல்லவள் என்பார்கள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பக்கத்து வீட்டுக்காரி அந்தத் தொழில்தான் செய்தாள். பூவே வைக்க மாட்டாள். முன்பு ராஜபாளையம் மில்லில் என்னோடு வேலை பார்த்தவள். மில்லில் நிறுத்திய பிறகும் அதே நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு, ஷிப்டுக்குப் போகிறவள் மாதிரி பஸ் ஏறுவாள். மகளுக்குத் தெரியக்கூடாதென்று அந்த வேஷம். தெருவுக்கே தெரியும். மகளுக்குத் தெரியாது. அவளைக் கட்டிக்கொடுத்த பிறகும் வேஷத்தை விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருப் பெண்கள் சேர்ந்து ராஜபாளையத்துக்குப் படம் பார்க்கப் போனோம். அவளும் வந்தாள். படத்தில் அப்படி ஒருத்தி செத்தாள். எங்கள் வரிசை முழுக்க முந்தானையில் மூக்கைச் சிந்தியது.

"பாவம்ட்டி, எம்புட்டு நல்ல மனசு!" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

பக்கத்து வீட்டுக்காரி மட்டும் அழவில்லை. என் காதில் சொன்னாள்: "குடுத்து வச்சவ. நாளைக்கு ரேஷனுக்கு நிக்க வேண்டாம்."

அடுத்த மாதம் அவள் மகளுக்கு வளைகாப்பு. மகளை வத்திராயிருப்பில் கட்டிக்கொடுத்திருந்தாள். தாய்வீட்டிலிருந்து சோறு போக வேண்டும். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று எல்லாச் சோற்றையும் அவளே கிண்டினாள். தட்டுத் தூக்க வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள்.

"உங்கூட வந்தா எங்களையும் ஒரு மாதிரியா பாப்பாக. நீயே போயிட்டு வா" என்று எதிர்வீட்டு அக்கா கதவைச் சாத்தினாள். அதே அக்காதான். மற்றவர்களும் வரவில்லை. நாங்கள் இருவரும் சோற்று வாளிகளோடு பஸ் ஏறினோம்.

சம்பந்தியம்மாள் வாசலிலேயே மறித்தாள். யாரோ முந்திக்கொண்டு போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

"சோத்த வச்சிட்டுப் போங்க. வளையல் நாங்க போட்டுக்கிடுதோம்."

"ஒரே ஒரு வளையல் போட்டுட்டுப் போயிருதேன் மதினி."

"ஒங்க பிள்ளையே ஒங்கள வேண்டாம்னு சொல்லுதா."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. மகள் எட்டிப் பார்க்கவில்லை. சோற்றை மட்டும் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் கை பட்ட சோறு ஆகும், அவள் கை ஆகாது.

திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள்: "புளிச்சோத்துல உப்பு கூடிருச்சோ? உப்புக் கூடுனா பிள்ள சாப்பிடாது."

"சரியாத்தான் இருந்துச்சு" என்றேன். நான் அதை ருசிகூடப் பார்க்கவில்லை.