மாமனாரின் பெயர்

சைரா வென்றவற்றை அவள் அக்கா ஊல்கான் ஒன்றுவிடாமல் சொல்வாள். அடுப்படியில் பதினொரு முறை மயங்கி விழுந்தும் ஒருமுறைகூடத் தீயில் விழவில்லை. ஜின் பிடித்திருக்கிறது என்ற மாமியாரை மீறி, கிர்கிஸ்தானின் நாரின் நகர மருத்துவ முகாமுக்குப் போனாள். தானமாக வந்த ஒன்பது பேஸ்மேக்கர்களில் ஒன்று அவளுக்கென ஒதுக்கப்பட்டது.

அந்த ஒன்றுதான் கைநழுவப் பார்த்தது.

எட்டு மாதம் காத்திருந்து தலைநகர் பிஷ்கெக் ஆஸ்பத்திரிக்குப் போனால், பட்டியலில் தெமிரோவா சைரா என்றிருந்தது. பாஸ்போர்ட்டிலோ போலத்தோவா சைரா. நாலு மணிக்குள் சரியாகாவிட்டால் கருவி அடுத்த நோயாளிக்குப் போய்விடும் என்றார் எழுத்தர்.

ஊல்கானுக்கு உடனே விளங்கிவிட்டது. சைராவின் மாமனார் பெயர் போலத், எஃகு என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் போலத்தோவா என்ற குடும்பப் பெயர். கிர்கிஸ் வழக்கப்படி மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. சைரா வீட்டிலுள்ள எஃகுக் கத்தியைக்கூட இரும்பு, அதாவது தெமிர், என்றுதான் சொல்வாள். முகாமில் குடும்பப் பெயர் கேட்டபோதும் அதே பழக்கத்தில் தெமிரோவா என்று சொல்லியிருக்கிறாள்.

எழுத்தரும் கிர்கிஸ்காரர்தான், கேட்டுச் சிரித்தார், நம்பவும் செய்தார். ஆனால் நோயாளியே டாக்டர் முன்னால் பெயரைச் சொல்லி, திருத்தத்தில் கையெழுத்திட வேண்டுமாம். அக்கா சொன்னால் செல்லாது.

கூட வந்திருந்த மாமியார் கனிஷாய் மருமகளின் கையைப் பிடித்தாள். "அவரு பேர நாலு பேர் முன்னாடி சொல்லிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள வருவ?"

"சம்பந்தி, உசுரோட இருந்தாத்தானே வர முடியும்?" என்றாள் ஊல்கான். தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிடத்துக்கு இருபத்தொன்பது.

சைரா மாமியாரின் கையை மெதுவாக விலக்கினாள்.

"அத்தை, பதினாலு வருஷம் மாமாவுக்கு மரியாதை குடுத்தாச்சு. இது இப்ப என் பேரு."

டாக்டரைப் பார்த்து, "போலத்தோவா சைரா" என்றாள். கேட்காதவர்களுக்காக இன்னொரு முறை, உரக்கச் சொன்னாள். கனிஷாய் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

கையெழுத்து என்றால் சைராவுக்கு அதுவரை ஒரு வளைகோடுதான். பாஸ்போர்ட்டிலும் அதுவே இருந்தது. அதுவே போதும் என்றார் எழுத்தர்.

"கிறுக்க மாட்டேன்" என்றாள் சைரா. மூச்சு வாங்க, ஒவ்வோர் எழுத்தாக முழுப் பெயரையும் எழுதினாள். பக்கத்தில் தேதியும் போட்டாள்: 14 அக்டோபர் 2011.