பாட்டை நிறுத்த மறுத்த டிஜே

எனக்கு டிஜே என்றாலே பயம். பிடிக்காது என்று சொல்வது கொஞ்சம் நாகரிகமாக இருக்கும். ஆனால் உண்மை பயம்தான். ஓசூரில் இரும்பு வார்க்கும் ஓர் ஆலையில் முப்பத்துநான்கு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். எந்த இயந்திரத்தின் பக்கத்தில் காதடைப்பான் இல்லாமல் நிற்கக்கூடாது என்று எழுதி ஒட்டியவன் நான். அதே சத்தத்தில் இன்று கல்யாண மண்டபங்களில் குழந்தைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். காது போவதுகூட இரண்டாம்பட்சம். ஆலையில் நான் விசாரித்த பல விபத்துகளின் அறிக்கையில் ஒரு வரி தவறாமல் வரும்: கூப்பிட்டார்கள், அவருக்குக் கேட்கவில்லை.

போன வருடம் என் இளைய மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. இருவருக்கும் போச்சம்பள்ளியில் ஒரே கம்பெனியில் வேலை; ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்து முடிவுசெய்துகொண்டார்கள். காலையில் ஓசூர் மாதா கோயிலில் திருப்பலி, மதியம் ஜூஜுவாடியில் நெடுஞ்சாலை ஓரத்து மண்டபத்தில் வரவேற்பு. டிஜே ஏற்பாடு செய்யும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பயப்படுகிறவனிடம் கொடுத்தால் ஒழுங்காகப் பார்ப்பான் என்று நினைத்திருக்கலாம். வீட்டில் வேறு யாரும் சும்மா இல்லை என்பதும் ஒரு காரணம்.

அதுவரை எனக்கு டிஜே என்றால் ஒரே இனம். இரண்டு பேரிடம் பேசிய பிறகுதான் தெரிந்தது. முதலாமவர் மாப்பிள்ளையின் சிநேகிதர், பெங்களூரில் ஒரு பப்பில் வாசிப்பவர். வீடியோ அழைப்பில் வந்தார்.

"ரிக்வெஸ்ட் எடுக்க மாட்டேன் அங்கிள். மைக்கும் பிடிக்க மாட்டேன். ஒரு பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டு கலந்து போயிட்டே இருக்கும். நடுவுல யாரும் நிறுத்தக்கூடாது."

"தீப்பிடித்தால்?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இரண்டாமவர் கிருஷ்ணகிரிக்காரர், கல்யாணங்களுக்கு மட்டும் போகிறவர். வயது முப்பத்தைந்து இருக்கும். மண்டபத்தைப் பார்க்கவேண்டும் என்று பைக்கில் வந்தார். வந்தவர் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தாலுகா ஆபீஸ் விண்ணப்பம் போல வரிசையாகக் கேள்வி கேட்டார்.

"இந்த வருசம் ரெண்டு வீட்லயும் யாராச்சும் தவறிட்டாங்களா சார்?"

"இல்லை."

"பேசிக்காத சொந்தம்?"

"எதுக்குப்பா?"

"அவங்க ரெண்டு பேரையும் ஒண்ணா ஆடக் கூப்ட்டுறக் கூடாதில்லைங்களா. மாப்ள வீட்டாளுங்க கன்னடமா, தெலுங்கா?"

"கன்னடம். தெலுங்கும் பேசுவாங்க."

"பந்தி எந்தப் பக்கம்?"

காட்டினேன். அவர் நடந்துபோய்க் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். பந்தியில் இடம் இருந்தால் மெதுவான பாட்டைப் போடுவாராம், கூட்டம் தானாகச் சாப்பிட எழுந்து போகும். பந்தி நிரம்பிவிட்டால் குத்துப்பாட்டு. ஒருத்தரும் இடத்தை விட்டு நகரமாட்டார்கள்.

"பாட்டு போடறதுக்கு இவ்வளவு தெரியணுமா?" என்றேன்.

"பாட்டு யாரு வேணா போடலாம் சார்," என்றார்.

கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. அவர் கொண்டுவந்து காட்டிய வயர்களில் ஒட்டு எதுவும் இல்லை என்பதற்காக அவரையே ஏற்பாடு செய்தேன்.

கல்யாணத்தன்று காலையில் மண்டபத்தைச் சுற்றி வந்தேன். பக்கவாட்டில் சர்வீஸ் ரோட்டுக்குத் திறக்கும் ஒரு கம்பிக் கேட் இருந்தது. சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். அவசர வழியைப் பூட்டி வைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று வாட்ச்மேனுக்கு விளக்கினேன். அவர் என்னை விட மூத்தவர், பொறுமையாகக் கேட்டார்.

"ரோட்ல கன்டெய்னர் லாரியா போவுது சார். புள்ளைங்க வர்ற எடம். அதான் பூட்டறது."

"ஆபத்து வந்தால் அறுநூறு பேர் ஒரே வாசலில் முட்டிக்கொள்வார்கள்," என்றேன். அவர் பூட்டைத் திறந்து, சங்கிலியையும் சாவியையும் என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். கேட்டைத் திறந்து வைத்து, சங்கிலியைப் பூட்டோடு அதிலேயே தொங்கவிட்டேன். அங்கே ஒரு ஆளை நிறுத்தவேண்டும் என்பதும் விதிதான். அதை மறந்தேன்.

மதியம் கேக் வெட்டியாயிற்று. டிஜே ஆரம்பித்தார். மூத்த மகள் தன் குழந்தையை என்னிடம் கொண்டுவந்து விட்டாள். என் பேத்திக்கு மூன்றரை வயது.

"பத்து நிமிசம் பாத்துக்கங்கப்பா. ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு, தங்கச்சி கூட ஒரு பாட்டுக்கு ஆடிட்டு வந்துர்றேன்."

குழந்தையை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். எதிர்ச் சுவரில் தீயணைப்பான் தொங்கியது. அதில் கட்டியிருந்த அட்டையில் கடைசியாகச் சோதித்த தேதி அழிந்துபோயிருந்தது போலத் தெரிந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். அழிந்துதான் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். திரும்பி வந்தபோது நாற்காலி காலி.

முதலில் பயம் வரவில்லை. நாற்காலிக்குக் கீழே பார்த்தேன். அடுத்த வரிசையில் பார்த்தேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போதுதான் வந்தது. எத்தனையோ பேருக்கு, பதற்றத்தில் ஓடாதே, நடந்து போ என்று வகுப்பு எடுத்திருக்கிறேன். நான் ஓடினேன்.

டிஜேயின் மேஜைக்குப் போய் அவர் கையைப் பிடித்தேன். "பாட்டை நிறுத்து. பேத்தியைக் காணோம். மைக்கில் சொல்லு. மூன்றரை வயது, ரோஸ் கலர் கவுன்."

அவர் பாட்டை நிறுத்தவில்லை. இன்னொரு கையால் ஒரு பொத்தானைத் தள்ளினார். இன்னும் வேகமான பாட்டு ஒன்று வந்தது. என் காதருகில் குனிந்தார்.

"நிறுத்துனா அறுநூறு பேரும் எந்திரிச்சு வெளிய ஓடுவாங்க சார். அந்தக் கூட்டத்துல எந்தப் புள்ளைய யாரு தூக்கிட்டுப் போறாங்கன்னு யாருக்குத் தெரியும்? இந்தப் பாட்டுக்கு ஒருத்தரும் நகர மாட்டாங்க."

"அடையாளமாவது சொல்லு."

"சொல்லவே கூடாது. ரோஸ் கவுனுன்னு சொல்லிட்டா, எவன் வேணா கையப் புடிச்சு எம்புள்ளன்னு கூட்டிட்டுப் போவான். வெளிய போற வழி எத்தன?"

"இரண்டு."

"முன்னாடி வாட்ச்மேன் இருக்காரு. பக்கத்து கேட்ட பூட்டிட்டு வாங்க. அப்புறம், பாப்பா வீட்ல எந்தப் பாட்டுக்கு ஆடும்?"

எனக்குத் தெரியவில்லை. அந்த மண்டபத்தின் மின்சுமை எவ்வளவு, ஜெனரேட்டர் எத்தனை விநாடியில் எடுக்கும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பக்கத்து கேட்டுக்குப் போனேன். காலையில் நான் திறந்து வைத்தபடியே அகலமாகத் திறந்து கிடந்தது. அதற்கு வெளியே இரண்டு ஆள் நீளத்துக்கு மண், அப்புறம் சர்வீஸ் ரோடு, அப்புறம் லாரிகள். கீழே பார்க்காமல் இருக்க முயன்றேன், ஆனாலும் தார் மேல்தான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சங்கிலியைச் சுற்றிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பாட்டைத் தெரிந்துகொள்ள மூத்த மகளிடம் போகவேண்டும். அவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

"டிஜே கேட்கிறார். பாப்பாவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?"

"யானை குளிக்கிற பாட்டு. ஃபோன்ல பார்ப்பாளே. உங்களுக்குத் தெரியாதா?" ஆட்டத்தை நிறுத்தாமலே கேட்டாள், "எங்கேப்பா அவ?"

"மேடைகிட்ட இருக்கா," என்றேன்.

அவளிடம் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு எளிதாக வாயில் வந்தது வேறு இல்லை.

டிஜேயிடம் யானைப் பாட்டு இருந்தது. கல்யாணத்துக்குப் போகிறவர்களிடம் அது இல்லாமல் முடியாது என்றார். மைக்கை எடுத்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, சிரிப்பு அப்படியே இருந்தது.

"அடுத்த பாட்டு குட்டீசுக்கு மட்டும். பெரியவங்கள்லாம் ரெஸ்ட் எடுங்க, மூட்டு வலி வந்தா டிஜே பொறுப்பில்ல. யாரு கையில எந்தக் கொழந்த இருந்தாலும் சரி, உங்களுதோ பக்கத்து வீட்டுதோ, மேடைக்குக் கொண்டாங்க. வர்ற ஒவ்வொரு கொழந்தைக்கும் சாக்லெட்."

அதையே கன்னடத்தில் சொன்னார், பிறகு தெலுங்கில். காணோம் என்ற சொல் எந்த மொழியிலும் வரவில்லை. வெளியே வைத்திருந்த ஸ்பீக்கர்களின் சத்தத்தையும் கூட்டினார். யானை குளிக்க ஆரம்பித்தது.

குழந்தைகள் வந்தார்கள். தூக்கிக்கொண்டு வந்து விட்டார்கள், தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். நான் மேடை ஓரத்தில் நின்று தலை எண்ணினேன். ஆலையின் தீ ஒத்திகைகளில், ஒன்றுகூடும் இடத்தில் ஆள் எண்ணும் வேலையை வாழ்க்கை முழுதும் செய்தவன். பத்தொன்பது. திரும்ப எண்ணினேன், பத்தொன்பது. ரோஸ் கவுன் இரண்டு. இரண்டும் எங்கள் குழந்தை இல்லை. டிஜே என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் பாட்டை முதலிலிருந்து மறுபடி போட்டார், அது ஒரு பெரிய வேடிக்கை போல.

முன் வாசலுக்கு ஓடி வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"ரோஸ் கவுனா? ஒரு அம்மா இடுப்புல தூக்கிட்டு சைடு கேட்டு வழியா போச்சே. பட்டுச் சேல."

"எப்போ?"

"நீங்க பூட்றதுக்கு முந்தியே. தொறந்து உடச் சொன்னீங்க, நானும் ஒண்ணும் கேக்கல."

"எந்தப் பக்கம்?"

அவர் கர்நாடகா பக்கம் கையைக் காட்டினார்.

சில நிமிட நடையில் மாநிலம் மாறிவிடும். எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவேண்டும், எல்லை தாண்டியிருந்தால் இங்கே பதிவுசெய்து அங்கே எப்படி மாற்றுவார்கள், என்ன அடையாளம் கேட்பார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நின்றபடியே என் மனம் அந்தப் புகாரை வரி பிசகாமல் எழுத ஆரம்பித்தது. 'கடைசியாகக் குழந்தையைப் பார்த்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதியதும் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டே மண்டபத்தின் பக்கவாட்டில் நடந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நான் பூட்டிய கேட்டுக்கு வெளியே, மண் தரையில், என் பேத்தி ஆடிக்கொண்டிருந்தாள். பாட்டில் யானை துதிக்கையால் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் இடத்தில் கையைத் தூக்கித் தலையில் ஊற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி போயிற்று, கவுன் பறந்தது. அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தபடி பட்டுச் சேலையில் மாப்பிள்ளையின் அத்தை நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கம்பியைத் தட்டினார்.

"ஏன்ரீ சம்பந்தி, யாரு இத பூட்டுனது? கத்திக் கத்தி தொண்டையே போச்சு. பாவம், கொழந்த ஒத்தையா ஒக்காந்துட்டு இருந்துச்சேன்னு எளநீ வாங்கிக் குடுக்கக் கூட்டிட்டுப் போனேன். பாட்டு கேட்டதும் திரும்பி ஓடியாந்துடுச்சு. இங்க வந்தா பூட்டு. சுத்திட்டு முன்னாடி போலாம்னா நகர மாட்டேங்குது, ஆடியே தீரணுமாம்."

சாவி பையில்தான் இருந்தது. பூட்டின் துளைக்குள் அது போகவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். சங்கிலி விழுந்தது. வெளியே போய், சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளுக்கும் லாரிகளுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அவள் கவுனின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"தாத்தா, விடுங்க," என்றாள். "யானை இன்னும் சோப்பு போடல."

பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தது. அதற்குள் மூத்த மகள் கேட்டுக்கு வந்துவிட்டாள். மேடையில் குழந்தை இல்லாததைப் பார்த்து ஓடி வந்திருக்கிறாள். செருப்பு இல்லை. குழந்தையைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், மண்ணில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"மேடைகிட்ட இருக்கான்னு சொன்னீங்களேப்பா."

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அத்தை அவள் தோளில் கை வைத்து உள்ளே அழைத்துப் போனார்.

உள்ளே யானை நான்காம் முறையாகக் குளிக்கப் போயிற்று. குழந்தை கிடைத்துவிட்டாள் என்று டிஜேயிடம் போய்ச் சொல்லவேண்டும். அவர் இன்னமும் சிரித்த முகத்தோடு மேடையில் தலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் சொல்லும்வரை அந்தப் பாட்டை நிறுத்த மாட்டார் என்று தெரியும். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.